ஒன்பது கோயில் வேண்டாம், மூன்று ஊர் போதும்

கேள்வி: எனக்கு வயது 55. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். இவர் 34 ஆண்டுகள் அரசு வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு கார் வாங்கினார். எங்கே கிளம்பினாலும் அதிகாலை நாலரைக்கு எழுப்பி, ஒன்பது கோயில்களைப் பட்டியல் போட்டு ஓட்டுகிறார். இரவு வீடு திரும்பும்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. அடுத்த மாதம் எங்கள் 30ஆவது திருமண நாள். அன்று அவசரமில்லாமல் காரில் எங்காவது போய்வர ஆசை. இவரோ, “சும்மா சுற்றுவதற்கு எதற்குப் பெட்ரோல்?” என்கிறார். எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து இரண்டு வருடமாகிறது. இன்னும் சாவி கைக்கு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரு முறை ஒரே நாளில் ஏழு கோயில் பார்த்தோம். இப்போது யோசித்தால், நாலாவது கோயிலில் செருப்பைக் காணாமல் கொதிக்கிற கல்லில் தாவித் தாவி நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எந்தச் சாமி என்று கேட்டால் விழிப்பேன்.

பட்டியல் போட்டுப் பழகியவரிடம் பட்டியல் போடாதே என்று சொன்னால் சண்டைதான் வரும். போடட்டும். மூன்று வரிக்கு மேல் இடமில்லாத துண்டுத் தாளை நீட்டுங்கள்: பத்தமடை, திருப்புடைமருதூர், கடையம். போகவர ஏறக்குறைய 120 கிலோமீட்டர். எட்டு லிட்டர் பெட்ரோலுக்குள் முடிந்துவிடும். அவர் கேள்விக்கு அதுவே பதில்.

நாலரைக்குக் கிளம்ப வேண்டாம். இருட்டில் மலை தெரியாது. காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு ஏழரைக்குப் புறப்படுங்கள். நீங்கள் மேற்கே போகிறீர்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். சேரன்மகாதேவியை நெருங்கும்போது எதிரே இருக்கும் மலை முகத்தில் வெளிச்சம் விழுந்து மடிப்பு மடிப்பாகத் தெரியும். சாயங்காலம் கிழக்கே திரும்பும்போதும் சூரியன் பின்னால்தான். போகும்போதும் வரும்போதும் கண் கூசாத சாலை என்று சொல்லுங்கள். கார் ஓட்டுகிறவர்கள் இந்தக் காரணத்துக்கு மசிவார்கள்.

பத்தமடையில் பாய் வாங்கக் கடைக்குள் நுழைந்து வெளியே வந்துவிடாதீர்கள். நெய்கிற வீட்டைக் கேட்டுப் போங்கள். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, நூல் பாவுக்குக் குறுக்கே இழை இழையாகக் கொடுத்து நெய்வார்கள். பட்டுப்பாய் என்றே பெயர். உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள், கோரை என்று நம்பமாட்டீர்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். 30 வருடத்துக்கு முன்பு விட்டுப்போனதை இப்போது நெய்யச் சொன்னால் என்ன? ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பேரம் பேசும் பொறுப்பை மட்டும் இவரிடம் விட்டுவிடாதீர்கள். அந்த நயத்தில் ஒரு பாய் நெய்ய எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று கேட்டபின் எனக்கு விலை குறைத்துக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்து காருகுறிச்சி வரும். நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊர். இறங்க வேண்டாம், அவர் வாசிப்பைக் காரில் போட்டுக்கொண்டே கடந்து போங்கள். ஊர் முடிந்துவிடும், ஆலாபனை முடிந்திருக்காது.

வீரவநல்லூரில் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். திருப்புடைமருதூருக்குப் பிரிகிற கிளைச் சாலை உங்களுடையது. சில கிலோமீட்டர்தான், வேகமாகப் போக வேண்டிய சாலையும் அல்ல. அவர் பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். வரட்டும்.

திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயில். அங்கே லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தாமிரபரணி ஆற்றில் வெள்ளம் போன நாளில் அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டாராம். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகச் சாமி தலையைச் சாய்த்தாராம். இந்தக் கதையை நீங்கள் சொல்லாதீர்கள், குருக்கள் சொல்லட்டும். இவர் காதில் விழுந்தால் போதும்.

ராஜகோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் பழைய ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அனுமதி கேட்டுப் பாருங்கள்; திறக்காவிட்டால் அதற்காக வாக்குவாதம் வேண்டாம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும் ஊர் அது. 2005இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். மரத்தடியில் காரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பிறகு அதைக் கழுவுகிற பேச்சிலேயே திருமண நாள் கழியும்.

மத்தியானம் நடை சாத்தினால் மறுபடி திறக்கச் சாயங்காலம் நாலு மணியாகும். இவருடைய ஒன்பது கோயில் கணக்கு எப்போதும் இந்த இடத்தில்தான் உதைத்திருக்கும். மூடிய கதவுக்கு முன்னால் நின்று கடிகாரம் பார்த்திருப்பீர்கள். இந்த முறை அந்த நாலு மணி நேரத்தையும் ஆற்றங்கரைக்குக் கொடுத்துவிடுங்கள். புளியோதரை, தயிர்சாதம், பருப்புத் துவையல், வாழையிலை. ஒரு பழைய பாயும் எடுத்துக்கொள்ளுங்கள், புதுப்பாயை விரிக்க மனம் வராது. சாப்பிட்டதும் அவர் தூங்கிவிடுவார், எழுப்பாதீர்கள். மழைக்காலமாக இருந்தால் படித்துறையோடு நில்லுங்கள். அணை திறந்தால் தண்ணீர் மளமளவென்று ஏறும்.

பிறகு கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு, பாலம் தாண்டி அம்பாசமுத்திரம். “இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாபநாசம் போகாமலா?” என்ற குரல் அங்கே கேட்கும். வேறொரு நாள் போகலாம் என்று சொல்லிவிட்டு நேரே கடையம் சாலையைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சுற்றில் மிக அழகான பகுதி அதுதான். மலை இடப்பக்கம் கூடவே வரும், வயலில் பயிர் நிற்கும் மாதமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918இல் புதுவையை விட்டு வெளியேறிக் கைதாகி, விடுதலையான பாரதியார் மனைவி மக்களோடு வந்து இருந்ததும் இங்கேதான். இருவரும் சேர்ந்து நிற்கும் சிலை ஒன்று இப்போது இருக்கிறது. அதன் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துத் தர யாரையாவது கூப்பிடுங்கள்; வழக்கம்போல நீங்கள் எடுத்து அவர் மட்டும் நிற்க வேண்டாம்.

திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதையும் இந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது. திரும்பும்போது எங்காவது கேட் போட்டிருந்தால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் நீங்கள் இறங்கிவிடுங்கள். ரயில் போய், கேட் தூக்கி, எதிர்ப்பக்க வண்டிகள் நகரும் வரை நேரமிருக்கிறது. மீதிச் சாலைக்கு யார் ஓட்டுவது என்று அங்கே பேசிக்கொள்ளலாம்.