தலவாக்கலைத் தம்பிக்கு: அந்தப் பட்டம் வீணா?

தம்பி, டொராண்டோ வந்து நான்கு மாதம், இரசாயனவியலில் சிறப்புப் பட்டம், வேலையோ கிடங்கில் பெட்டி அடுக்குவது. "எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இங்கே மதிப்பே இல்லையா அண்ணா, ஒரு முதுமாணிப் படிப்பும் (மாஸ்டர்ஸ்) செய்யட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அதே பட்டத்தோடு பதினான்கு மாதம் கிடங்கில் நின்றவன்.

முதுமாணிக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். 2021 கனடியக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்த குடியேறிகளில் நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் பள்ளிப் படிப்பே போதுமான வேலைகளில் இருந்தார்கள். இங்கே படித்தவர்களிடம் அது வெகு குறைவு. ஆகவே இங்கே படிப்பது உதவும்தான். ஆனால் தொழிற்சாலைப் பயிற்சியோடு வரும் ஓராண்டுக் கல்லூரிப் படிப்பைத் தேடுங்கள். தெரிந்ததையே மறுபடி படித்தால் கடன்தான் மிஞ்சும்.

தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கோட்பாட்டில் நமக்குக் குறையில்லை. நான் படித்த இடத்தில் ஒரு கருவிக்குப் பன்னிரண்டு பேர். ஒருவன் அளப்பான், மற்றவர்கள் அளவீட்டைப் பார்த்து எழுதுவோம். இங்கே முதல் நேர்முகத்தில், "கருவி பிழையாகக் காட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்றார்கள். நான் வரைவிலக்கணம் ஒப்புவித்தேன். அவ்வளவுதான், வேலை போயிற்று.

அடுத்த நேர்முகம் ஒரு உணவுத் தொழிற்சாலையில். ஈரப்பதம் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். வாடிய கொழுந்தை ஒரு பிடி பிடித்து இறுக்கி, கையை விரித்து, அந்த உருண்டை எவ்வளவு மெதுவாக விரிகிறது என்று பார்த்தே பதம் சொல்வார். அதைச் சொன்னேன். நேர்முகம் செய்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கவனித்துக் கேட்டார். வேலை கிடைத்தது.

டொராண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026 ஜனவரியிலிருந்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் கேட்கமாட்டார்கள், நேர்முகத்தில் கேட்பார்கள், அது வேறு கதை.

வீட்டுக்கு என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்குப் பெரிய பாரம், தெரிகிறது. என் அம்மா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரிடமும் "மகன் கம்பனியில்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. கிடங்கும் கம்பனிதானே.

ஞாயிற்றுக்கிழமை சுயவிபரத்தை அனுப்புங்கள். உங்கள் கையால் நீங்களே அளந்தது, பிரித்தது, சோதித்தது எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பட்டமும் எந்த வகுப்பில் சித்தியடைந்தீர்கள் என்பதும் அதற்குக் கீழே.