ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

இருபத்திரண்டு வருடமாக நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: டீச்சர், பையன் ஆறாவது. 1/2 + 1/3 போடச் சொன்னால் 2/5 என்கிறான். எத்தனை தடவை திருத்தினாலும் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறான்.

பதில்: அதைச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். ஒரு தேர்வில் 7/10, அடுத்ததில் 15/20, மொத்தம் 22/30 என்று அவன் விடைத்தாளிலேயே எழுதித் தருகிறோமே! மதிப்பெண்ணுக்கு அது சரி. பின்னத்தில் இரண்டு துண்டும் ஒரே அளவு தோசையில் வெட்டியது, அதுதான் வித்தியாசம். எடுத்தவுடனே மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) வேண்டாம். 2/5 பாதியை விடப் பெரிசா சின்னதா என்று கேளுங்கள், பாதி தோசையோடு இன்னொரு துண்டையும் வைத்தால் எப்படிக் குறையும் என்று அவனே முழிப்பான். அப்புறம் ஒரு தாளை ஆறு கட்டமாக மடித்து, பாதிக்கு 3 கட்டம், மூன்றில் ஒன்றுக்கு 2 கட்டம் என்று வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். 5/6 கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: இந்த வருடம்தான் வேலையில் சேர்ந்தேன். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று ஒரு பெண் கேட்டாள், விதி அப்படித்தான் என்று சமாளித்துவிட்டேன்.

பதில்: முதல் வருடம் நானும் அப்படித்தான். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று வரிசையாக எழுதுங்கள். வரிக்கு வரி விடை 2 கூடுகிறது, அடுத்து (−1) × (−2) எழுதினால் வகுப்பே 2 என்று கத்தும். கதை வேண்டுமென்றால் கடன்: உங்கள் பேரில் இருக்கும் 50 ரூபாய்க் கடன் சீட்டு இரண்டை மளிகைக் கடை அண்ணாச்சி கிழித்துப் போட்டால் உங்களுக்கு 100 ரூபாய் லாபம்தானே? பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் இந்த விதிகளைச் சொத்து, கடன் என்றுதான் எழுதினார். "எதிரிக்கு எதிரி நண்பன்" கதை மட்டும் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை −3 − 2 = +5 என்று எழுதும், நான் திருத்தியிருக்கிறேன்.

கேள்வி: 2ஏ + 3பி = 5ஏபி என்று பாதி வகுப்பு எழுதுகிறது.

பதில்: ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் வாழைப்பழம் என்று சொல்லியிருப்பீர்கள். எழுத்து பழம் இல்லை, எண். வேண்டுமானால் பழத்தின் விலை என்று சொல்லுங்கள். ஏக்கு 1, பிக்கு 10 போட்டுப் பார்க்கட்டும், ஒரு பக்கம் 32, மறுபக்கம் 50.

கேள்வி: ஏழாவது வந்தும் வாய்ப்பாடு தெரியவில்லை.

பதில்: வாய்ப்பாட்டு அட்டையை மேசையில் வைத்துக்கொண்டே இயற்கணிதம் போடட்டும். தினமும் ஐந்து நிமிடம் வாய்ப்பாடு தனியாக.

கேள்வி: 0.4ஐ விட 0.35 பெரிசு என்கிறாள் மகள்.

பதில்: 4ஐ விட 35 பெரிசு, அவ்வளவுதான் அவள் நியாயம். கடைக்குக் கூட்டிப்போய் எலக்ட்ரானிக் தராசைக் காட்டுங்கள், 0.350, 0.400 என்று கிலோவில் ஓடும். கிரிக்கெட் ஓவரை உதாரணம் சொல்லிவிடாதீர்கள். அங்கே நாலரை ஓவர் என்றால் 4.3. நான் ஒரு தடவை சொல்லிவிட்டு அதை மறக்கடிக்க ஒரு வாரம் ஆனது.