ஐந்து ஆன்லைன் வகுப்பும் ஒரு பையனும்

செந்தூலிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் வாட்ஸ்அப் செய்தியை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் படிவம் படிக்கும் மகனுக்குக் கோடிங், அபாகஸ், சதுரங்கம், ஓவியம், அப்புறம் சென்னை ஆசிரியரிடம் மிருதங்கம். ஐந்தும் ஆன்லைனில். "இதெல்லாம் இருந்தால்தானே நாளைக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைக்கும், சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கும்போது மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்து பள்ளியில் பதிவாவது: சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகை, வகித்த பதவி, எந்த நிலைப் போட்டி வரை போனான் என்பதெல்லாம். கோடிங் நிறுவனம் அனுப்பும் பளபளப்பான பிடிஎஃப் சான்றிதழ் தானாக அங்கே போய் உட்காராது. உங்கள் செய்தியிலேயே ஒரு வரி இருக்கிறது: களைப்பாக இருப்பதால் புதன்கிழமை சாரணர் பயிற்சிக்குப் போவதில்லையாம். புள்ளி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் காசு கட்டுகிறீர்கள்.

களைப்புக்குக் காரணம் தேடவே வேண்டாம். மிருதங்க வகுப்பு சென்னையில் இரவு ஏழு மணி என்றால் நமக்கு ஒன்பதரை. முடியும்போது பத்தரை. காலை ஏழரைக்குள் பள்ளியில் நிற்க வேண்டிய பையன் அவன்.

அதிலும் மிருதங்கம் ஆன்லைனில் கொஞ்சம் சிக்கலான வாத்தியம். ஒலி தாமதமாகப் போய்ச் சேருவதால் ஆசிரியர் தாளம் போட, பையன் கூடவே வாசிக்க முடியாது. அவர் வாசித்து நிறுத்த, இவன் திருப்பி வாசிக்கலாம், அவ்வளவுதான். ஸூமின் இரைச்சல் நீக்கும் வசதி சில சமயம் மிருதங்க ஓசையையே இரைச்சல் என்று வெட்டிவிடும். அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டுப் பாருங்கள். நேரில் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற இசை, நடனப் பள்ளி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. செந்தூலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் மாறாமல் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையம். மிருதங்க வகுப்பு எந்த நாள், எவ்வளவு கட்டணம் என்று போய் விசாரியுங்கள்.

சதுரங்கம் நேர்மாறு. திரையிலேயே நன்றாக வளரும், வகுப்பில்லாத நாளிலும் முகம் தெரியாத ஒருவரோடு ஆடலாம். பள்ளிக் கழகத்திலும் சேர்ந்தால் மாவட்டப் போட்டிக்கு வழி இருக்கிறது. கோடிங்குக்கு இப்போதைக்கு ஸ்க்ராட்ச், பைத்தான் என்ற நிரல் மொழிகள் போதும், இரண்டும் இலவசம். அபாகஸை இன்றே நிறுத்துங்கள். பதினாலு வயதில் அது எதற்கு?

ஓவியத்தைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. என் மகளுக்கு ஓராண்டுப் பேக்கேஜை மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது மாதம் அவள் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தாள்; பணம் திரும்பி வரவில்லை. மாதா மாதம் கட்டும் இடமாகப் பாருங்கள், சோதனை வகுப்பும் கேளுங்கள். கொடுக்காவிட்டால் வேறு இடம்.

எதை வைத்துக்கொள்வது என்று நான் சொல்வதைவிட, யாரும் கூப்பிடாமல் எதைத் தொடுகிறான் என்று இரண்டு வாரம் கவனியுங்கள். அப்புறம் பேசுவோம். அடுத்த முறை போனை அவனிடமும் கொடுங்கள். இவ்வளவு நீளமான செய்தியில் அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை.