பழைய துணி, பழைய சாமான் தேடி வாங்குவதில் அப்படி என்ன சந்தோஷம்? அருவருப்பாக இருக்காதா?

இருந்தது. எங்கள் வீட்டில் பழைய துணி வெளியே போகும், உள்ளே வராது. தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று குரல் கேட்டால் போதும், அம்மா நாலு சேலை, அப்பாவின் ரெண்டு பேன்ட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். அரை மணி நேரப் பேரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கும். மூடி தரவில்லையே என்று ராத்திரி வரை புலம்பல் தனி. போன துணி எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததில்லை. அது துவைத்து, கிழிசல் தைத்து, இஸ்திரி போட்டு, நடைபாதைத் தார்ப்பாயில் திரும்ப வந்து உட்காரும் என்று எனக்குத் தெரிந்ததே ஏற்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

டிசம்பர் மாதம். சேலத்து வெயிலில் வளர்ந்த உடம்பு, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பல் கிட்டிவிட்டது. முதல் சம்பளம் இன்னும் வரவில்லை, புது ஸ்வெட்டருக்குக் கையில் காசில்லை. ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு இறங்கி வந்தபோது, பழைய பேருந்து நிலையப் பக்கம் ஒரு குவியலுக்குள் கைவிட்டு ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை உருவினேன்.

"அக்கா, அது ஃபாரின் சரக்கு. 250 ரூபா."

காலரைப் புரட்டினேன். உள் துணியில் கறுப்பாக ஒரு கோடு, பக்கத்தில் மூன்று புள்ளி. சலவைக்காரர் குறி! சேராங்கொட்டைச் சாற்றில் போடுவது. பச்சையாகக் கையில் பட்டால் கொப்புளம் போடும், துணியில் பட்டால் துணி நைந்து போனாலும் குறி போகாது. வீட்டுக்கு ஒரு குறி என்று வைத்திருப்பார்கள். "ஃபாரின்லயும் நம்ம ஊர் சலவைக்காரர்தான் வெளுக்கிறாராண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கோட்டு 120 ரூபாய்க்கு என்னுடையதானது. அந்தச் சிரிப்பு எந்த ஜவுளிக்கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நிஜமான ஃபாரின் பழந்துணி வராமல் இல்லை. பெருமளவு குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாக வருகிறது. அதில் கம்பளியாக இருப்பதை வெட்டி, ஹரியானாவின் பானிபட்டில் பிரித்து மறுபடி நூலாக நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். வெள்ள நிவாரணத்தில் கொடுப்பார்களே சொரசொரப்பாக ஒரு போர்வை, அது அநேகமாக யாரோ வெள்ளைக்காரரின் ஸ்வெட்டராகப் பிறந்ததுதான்.

அன்றிலிருந்து கைக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கம்பளியா அக்ரிலிக்கா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுவேன். முடி கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி மணியாக உருண்டால் பிளாஸ்டிக்கின் தம்பி.

ஆனாலும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒரு சேலையைப் பற்றி. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள் நிறைந்த இடம், வெள்ளியின் அருமை தெரிந்த பேட்டை. அங்கே பழைய பட்டுச் சேலை வாங்கும் ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் ஜரிகையில் ஓர் இழையை உருவி நகத்தால் பிரித்துக் காட்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல், மேலே சுற்றிய வெள்ளி, அதன் மேல் தங்க முலாம். அசல். அதை எரித்து வெள்ளியை எடுப்பதுதான் அவர் தொழில். மடிப்பைப் பிரித்தேன். முந்தானை நுனியில் ஒரு மூலை மட்டும் கசங்கி, நைந்து, மஞ்சள் பூத்திருந்தது. வருஷக்கணக்காக அங்கே யாரோ சாவியோ சில்லறையோ முடிந்து வைத்திருக்கிறார்கள். அதை அடுப்பில் போட விட மனசு வரவில்லை. வெள்ளிக் கணக்குக்கு மேலே 500 வைத்து வாங்கிவிட்டேன்.

ஏமாந்த கதையும் உண்டு. எச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் ஒன்று, ஆரஞ்சு டயல், புதுசு போல மின்னியது. எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கடிகாரம் செய்ய ஆரம்பித்து 2016இல் மூடிய கடை, இனி கிடைக்காது என்ற அவசரத்தில் சொன்ன விலையைக் கொடுத்தேன். கடிகாரம் பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து, "மெஷின் ஒரு வாட்ச், முள்ளு வேற வாட்ச், டயல் போன மாசம் பெயின்ட் அடிச்சதும்மா" என்றார். பழைய பொருள் புதுசாக மின்னினால் இப்போதெல்லாம் கையை எடுத்துவிடுகிறேன்.

அருவருப்பு பற்றிக் கேட்டீர்களே. உள்ளாடை, செருப்பு, ஹெல்மெட் வாங்குவதில்லை. மற்றதெல்லாம் துவைத்து, நாலு நாள் மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் சரியாகிவிடும். சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

கோட்டைப் பார்த்துவிட்டு, "யாரு போட்டதோ, செத்தவங்க துணியோ" என்று ஒரு வாரம் என்னோடு பேசாதவர் அம்மா. அந்தப் பட்டுச் சேலையை ஒளித்து வைத்திருந்தேன். பீரோவில் எதையோ தேடும்போது பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் ஜரிகையை ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். முந்தானையைத் தேடி எடுத்து அந்த மஞ்சள் மூலையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுக்குக் குடுத்தான்?"

சொன்னேன்.

"இன்னும் 300 குறைச்சிருக்கலாம். அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ."