பூக்களின் பள்ளத்தாக்கு: எதுவரை குதிரை, எங்கிருந்து நடை?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து பங்காளிகளும் மாப்பிள்ளைமாருமாக எட்டுப் பேர், ஆகஸ்ட் முதல் வாரத்தில் உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போக நினைக்கிறோம். மூத்தவருக்கு 62 வயது, இளையவருக்கு 24. ஆறு நாள்தான் விடுப்பு. எங்களில் யாரும் குதிரை ஏறியதில்லை. பாதி நடை, பாதி குதிரை என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பாதியை நீங்கள் முடிவுசெய்ய முடியாது. கோவிந்த்காட்டை அடுத்த புல்னா வரை வண்டி போகும். அங்கிருந்து, இரவு தங்கும் மலையூரான காங்கரியா வரையிலான ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஏற்றத்தில் மட்டக்குதிரையும் கோவேறு கழுதையும் கிடைக்கும். அதற்கு மேல், பள்ளத்தாக்கின் தேசியப் பூங்காவுக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை; எல்லோரும் நடந்துதான் போக வேண்டும், இரவு தங்கவும் முடியாது. ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியர் கோவிலுக்குச் செல்லும் தனிப்பாதையில் மட்டும் மறுபடியும் குதிரை உண்டு.

குதிரை காலைக் காப்பாற்றுமே தவிர மூச்சைக் காப்பாற்றாது என்பதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கோவிந்த்காட் சுமார் 6,000 அடி உயரத்திலும் காங்கரியா சுமார் 10,000 அடி உயரத்திலும் இருக்கின்றன. நடப்பவர் ஒரு பகல் முழுவதும் ஏறும் உயரத்தைக் குதிரையில் போகிறவர் சில மணி நேரத்தில் கடந்துவிடுவதால், மெல்லிய காற்றுக்கு உடல் பழக அவருக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. களைப்பே தெரியாமல் போய் இறங்கியவர், அன்றிரவு தலைவலியும் குமட்டலுமாகப் படுத்துக்கிடப்பது வியப்பில்லை. ஆகவே முதல் இரவைக் கோவிந்த்காட்டுக்கு முன்னால் வரும் ஜோஷிமட் ஊரில் கழித்து, காங்கரியாவில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஹேம்குண்ட் 14,000 அடிக்கு மேல். மூத்தவர் அதை விட்டுவிடுவதே நல்லது. ஓய்வெடுத்தும் தீராத தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறக்குவதுதான் வைத்தியம். உயரநோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை, குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

புரவி எடுப்பில் மண்குதிரையைச் சுமந்துதான் நம் ஊரில் பழக்கம். குதிரை நம்மைச் சுமந்து பழக்கமில்லை. ஏறுவதற்கு முன் சேணத்தின் வாரை இழுத்துப் பாருங்கள். முதுகில் புண் உள்ள விலங்கை ஒதுக்கிவிடுங்கள். அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில்) பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்துக் குதிகாலைத் தாழ்த்திக்கொண்டால், விழ நேர்ந்தாலும் கால் சிக்கிக்கொள்ளாது. ஏற்றத்தில் முன்னாலும் இறக்கத்தில் பின்னாலும் சாய வேண்டும். பாதையின் விளிம்பை ஒட்டியே குதிரை நடக்கும்போது அடிவயிறு கலங்கும்; கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்காமல் குதிரைக்காரரிடம் விட்டுவிடுங்கள். நடப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: எதிரே குதிரை வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள்.

இறங்கும்போது, முழங்கால் இடம்கொடுக்கும் எவரும் கோலூன்றி நடந்தே வரலாம். புதிதாகச் சேணத்தில் உட்காருபவருக்கு ஏற்றத்தைவிட ஈரக்கல் பாவிய இறக்கமே கடினம். உங்களில் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் இருப்பார்கள். அந்த உரம் பெரிய சொத்துதான். ஆனாலும் சமதரையில் நாள்கணக்காக நடப்பது வேறு, மலையில் இறங்குவது வேறு. இப்போதிருந்தே வாரம் ஒருமுறை பிரான்மலைக்குப் போய், பயணத்தில் போடப்போகும் அதே காலணியோடு ஏறி இறங்குங்கள்.

இனி விடுப்பு. ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் வரை மலைச்சாலையில் 270 கிலோமீட்டர் அளவில் வரும். போக ஒரு நாள், வர ஒரு நாள். ஊரிலிருந்து ரிஷிகேஷ் போய்வரும் இரண்டு நாள்களையும் மலைமேல் வேண்டிய நாள்களையும் சேர்த்தால் எட்டு நாள் ஆகிவிடும். தவிர, பூக்கள் நிறைந்திருக்கும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரையிலான அதே காலத்தில்தான் மழையும் உச்சத்தில் இருக்கும்; மண் சரிந்து சாலை அடைபடுவது அங்கே வாடிக்கை. மேலும் ஒன்றிரண்டு நாள் கையிருப்பாக வேண்டும். ஆறு நாளுக்கு மேல் கிடைக்காதென்றால் இந்த ஆண்டு தள்ளிப்போடுங்கள். கிடைத்தால், திரும்பும் விமானச் சீட்டை மட்டும் தேதி மாற்றத்தக்கதாக வாங்குங்கள்; மற்றச் செலவில் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.