திமிங்கலச் சுறா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரு தாய்க்கு 300 குட்டிகள் என்கிறார்கள். பிறகு எப்படி இந்த இனம் அருகிப்போகும்?

பதில்: அந்தக் கணக்கு 1995-இல் தைவான் கடலில் பிடிபட்ட ஒரே ஒரு சினைச் சுறாவை வைத்துச் சொல்வது. பிறக்கும் குட்டியின் நீளம் அரை மீட்டர்தான். நீலச் சுறாவின் வயிற்றிலும் மார்லின் மீனின் வயிற்றிலும் இந்தக் குட்டிகள் கிடைத்திருக்கின்றன. தப்பிப் பிழைப்பவை பருவத்துக்கு வரவே 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் வளர்ந்த ஒரு பெண் சுறா செத்தால், அந்த இழப்பு லேசில் ஈடாகாது.

கேள்வி: வேட்டைக்குத்தான் தடை வந்துவிட்டதே, இன்னும் என்ன ஆபத்து?

பதில்: பிலிப்பைன்ஸ் 1998-இலும் இந்தியா 2001-இலும் தடை விதித்தன, அது பெரிய காரியம். ஆனாலும் 2016-இல் இந்த இனம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை வரிசைப்படுத்தும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'அருகிவரும் இனம்' என்ற நிலைக்குப் போனது. இன்று எனக்கு அதிகக் கவலை தருவது கப்பல்கள். மிதவை உயிரிகளைத் தின்ன இது நீர்மட்டத்திலேயே மெதுவாக நீந்தும். பெரிய கப்பல் வந்தால் விலக நேரமிருக்காது. அடிபட்ட உடல் மிதக்காமல் மூழ்கிவிடுவதால் சாவு யார் கணக்கிலும் வராது. சுறாக்களில் பொருத்திய சில கருவிகள், கப்பல் தடத்துக்குள் போனதும் சுறா மெல்ல இறங்கிக் கடலடியில் அடங்கியதைப் பதிவுசெய்திருக்கின்றன. இவை கூடும் இடங்களில் கப்பல்கள் வேகத்தைக் குறைத்தாலே பல உயிர்கள் தப்பும். இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மீன் காட்சியகத்தில் வளர்த்துப் பெருக்கலாமே?

பதில்: எந்தக் காட்சியகத்திலும் இதுவரை குட்டி பிறந்ததில்லை.

கேள்வி: வலையில் மாட்டினால் என்ன செய்வது?

பதில்: வலையை உடனே அறுத்துவிட வேண்டும். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. தண்ணீரை விட்டுத் தூக்கவும் கூடாது; விலா எலும்பில்லாத உடல், தன் பாரத்திலேயே உள்ளுறுப்புகள் நசுங்கும். குஜராத்தில் ஒருகாலத்தில் ஈரல் எண்ணெய்க்காக இதை வேட்டையாடிய மீனவர்களே இன்று வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். விடுவித்ததைப் படமெடுத்துக் காட்டினால் வலைக்கு இழப்பீடு கிடைக்கும். அறுபடும் வலை ஒரு குடும்பத்தின் மூலதனம். அதற்கு ஈடு தராமல் பாதுகாப்பு பேசுவது நியாயமில்லை.

கேள்வி: முக்குளிக்கும்போது நான் எடுத்த படம் ஆய்வுக்குப் பயன்படுமா?

பதில்: நன்றாகவே பயன்படும். செவுள் பிளவுகளுக்குப் பின்னால், இடது விலாப்புறம் தெளிவாக விழ வேண்டும். அங்குள்ள புள்ளிகள் சுறாவுக்குச் சுறா வேறுபடும்; விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வானியலாளர்கள் வகுத்த கணக்குமுறையால் ஆளை அடையாளம் காண்கிறார்கள். இடமும் தேதியும் குறித்து சுறாப் படங்களைத் தொகுக்கும் 'ஷார்க்புக்' இணையதளத்தில் ஏற்றுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், தொடவும் வேண்டாம்.