அந்த நாலு எழுத்தை நம்பி நர்சிங்கை விட்டுவிடாதீர்கள்

இரண்டாம் ஆண்டு நர்சிங் படிக்கிறீர்கள், ஒருவரின் குணத்தை நாலு எழுத்தில் வகைப்படுத்தும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வில் உள்முக வகை, அதாவது அதிகம் பேசாமல் ஒதுங்கியிருக்கும் வகை, என்று வந்தது, "உனக்கு வார்டு ஒத்துவராது" என்று சக மாணவி சொன்னதும் படிப்பையே விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட கருத்துகளை வைத்து ஒரு தாயும் மகளும் உருவாக்கிய தேர்வு அது. இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. அப்புறம் எதற்கு அதை வைத்து ஒரு வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டும்? மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளில் குணங்களில் படிப்பில் நன்றாகச் செய்வதோடு அதிகம் ஒட்டிவருவது பொறுப்புணர்வுதான்: வேலையைத் தள்ளிப்போடாமல், சரிபார்த்துச் செய்யும் பழக்கம்.

உங்கள் உண்மையான சிக்கல் ஷிப்ட் மாறும்போது எல்லார் முன்னாலும் நோயாளி விவரம் சொல்வது என்று நினைக்கிறேன். அது குணமல்ல, பழக்கம். பேசுவதற்கு முன் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நீங்கள் கவனித்தது என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும். அதைப் பார்த்தே சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருப்பது கலகலப்பானவர்களுக்கே கஷ்டம். உங்களுக்கு அது இயல்பாக வரும். ஆனால் ஒன்று: மருந்தளவில் சந்தேகம் வந்தால் கூச்சம் பார்க்காமல் உடனே கேட்டுவிடுங்கள்.